இளவயதில் கணையக் கட்டி: அது என்ன கட்டி என்று கேளுங்கள்

கொழும்பில் டெங்கு கூடும் மாதங்களுக்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு அவ்வப்போது ஒரு வகை நோயாளிகள் வருவார்கள். காய்ச்சலோடு வார்ட்டில் இருந்தபோது, நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அதில் கணையத்தில் ஒரு கட்டி இருப்பது தற்செயலாகத் தெரிந்திருக்கும். காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறி, வீட்டுக்குப் போன சந்தோசத்தில் ரிப்போட்டின் அந்த ஒரு வரி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

அப்படி ஒரு ரிப்போட்டோடு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பதைத் தொடாத வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணையத்தின் வால் பகுதியில் நாலு சென்ரிமீற்றரில் ஒரு கட்டி, ‘பொய்நீர்க்கட்டியாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தது. மேல் வயிற்றில் இடைக்கிடை ஒரு பாரம். கஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்து ஒரு வருடமாக ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தார். தாங்க முடியாத வயிற்றுவலியோடு எப்போதாவது வார்ட்டில் இருந்திருக்கிறீர்களா, பித்தப்பையில் கல் இருந்ததா, வயிற்றில் பலமாக அடிபட்டதா, மதுப் பழக்கம் உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

பொய்நீர்க்கட்டி சும்மா வராது. கணைய அழற்சியிலோ விபத்திலோ கணையத்திலிருந்து கசிந்த நீர் தேங்கி, அதைச் சுற்றி உடல் எழுப்பும் சுவர்தான் அது. அந்த முன்கதை இல்லாதவருக்கு அந்தப் பெயரை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால், பொய்நீர்க்கட்டி என்றால் தானாக வற்றும் வரை காத்திருப்போம். வற்றாவிட்டால் இரைப்பைக்குள் வழி செய்து வடிப்போம். உள்ளே இருப்பது புற்றுநோய்த் தன்மை கொண்ட கட்டியாக இருந்தால் இரண்டுமே கெடுதல்.

எம்.ஆர்.ஐ.யில் படம் தெளிவானது. தடித்த சுவர், உள்ளே திண்மமான பகுதி, பழைய இரத்தக் கசிவு. சொலிட் சூடோபாப்பில்லரி என்ற வகை. இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். மெதுவாக வளரும், ஆனால் பரவும் குணம் கொஞ்சம் உண்டு. முழுதாக எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

தாயார் கேட்டார்: “டொக்டர், பிள்ளைக்கு ஒரு இடம் பேசி வந்திருக்கு. கலியாணம் முடிச்சிட்டு ஆறுதலா வெட்டினா என்ன?”

“அம்மா, இப்ப எடுத்தா பெரும்பாலும் இதோட சரி. பிறகு வயித்தில பிள்ளை இருக்கிற நேரம் இது பெருத்தா, ரெண்டு உயிரையும் யோசிக்க வேண்டி வரும்.”

மகள் கேட்டது ஒன்றுதான்: பிள்ளை பெறலாமா? தாராளமாகப் பெறலாம் என்றேன். மண்ணீரலையும் எடுக்க நேரலாம் என்பதால் இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள் போட்டோம். கடைசியில் மண்ணீரலைக் காப்பாற்ற முடிந்தது. வால் பகுதியை எடுத்தால் பிற்காலத்தில் சலரோகம் வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

எல்லாக் கட்டிக்கும் கத்தி தேவையில்லை. தேன்கூடு போல நுண்ணறைகள் நிறைந்த சீரஸ் வகை, தொந்தரவு தராவிட்டால் அப்படியே விடப்படும். மியூசினஸ் சிஸ்டிக் வகை அநேகமாகப் பெண்களுக்கே, நாற்பதுகளை ஒட்டி வரும். புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் உடல் இடம் கொடுத்தால் எடுப்பதையே நான் விரும்புவேன். ஐ.பி.எம்.என். என்பது கணையக் குழாயிலேயே சளி சுரக்கும் வகை. அறுபதைத் தாண்டியவர்களிடம் அதிகம், இளையவர்களிடமும் காண்கிறோம். பிரதான குழாய் 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, கட்டிக்குள் 5 மில்லிமீற்றர் அல்லது அதற்குப் பெரிய, இரத்த ஓட்டமுள்ள முடிச்சு இருந்தாலோ, கட்டி அடைத்து மஞ்சள்காமாலை வந்தாலோ தாமதிக்கக் கூடாது. கட்டி 3 சென்ரிமீற்றரைத் தொட்டால் வாய்வழி உள்நோக்கி ஸ்கேன் செய்து, தேவையானால் ஊசியால் நீரெடுத்துப் பார்ப்போம். அந்த நீரில் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சளி சுரக்கும் வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

சின்னக் கட்டிகளைக் கண்காணிப்பதில்தான் வயது பெரிய விசயம். 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஐ.பி.எம்.என். 5 வருடம் மாறாமலிருந்தால் ஸ்கேனை நிறுத்துவதை யோசிக்கலாம் என்று 2024 இல் வெளியான கியோட்டோ வழிகாட்டி சொல்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதை நிம்மதியாகச் சொல்லிவிடுவேன். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது. அவரை விட்டுவிட எனக்கு மனம் வராது. இத்தனை வருடம் படம் எடுக்க வேண்டியிருப்பதால் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. அவருக்கு நல்லது.

இன்னொன்று. கணையப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு பொருளை அளக்கும் சி.ஏ. 19-9 இரத்தப் பரிசோதனையைத் தாங்களாகவே லாப்பில் செய்து, ‘நோர்மல், டொக்டர்’ என்று வருகிறார்கள். அது நோர்மலாக இருந்தாலும் கட்டி ஆபத்தில்லாதது என்று ஆகாது; பித்தக்குழாய் அடைப்பிலும் அது ஏறும். அந்தக் காசை எம்.ஆர்.ஐ.க்கு வையுங்கள். அரச வைத்தியசாலை கிளினிக்கில் என்றால் அதுவும் இலவசம், முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தனியாரில் சனல் பண்ணி ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டரிடம் போகிறவர்களின் கட்டி வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. ரிப்போட்டில் உள்ள அளவு போதாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து நாங்களே அளந்து பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள், உறையில் திகதியை எழுதுங்கள், கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். பிள்ளை பெற யோசித்தால் அதற்கு முன்பே ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.