வீரிய ஒட்டுக் கோதுமை 10 சதவீதம் கூடுதலாம், எதைவிட?

வீரிய ஒட்டுக் கோதுமை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுக்கும் கலப்பினம், 10 சதவீதம் கூடுதலாக விளையும் என்று எங்கேயாவது படித்தால், எதைவிடக் கூடுதல் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது தாய், தந்தை ரகங்கள் இரண்டின் சராசரியைவிடக் கூடுதல். ஜெர்மனியில் 135 பெற்றோர் ரகங்களிலிருந்து 1,604 கலப்பினங்களை உருவாக்கி வயலில் சோதித்து, 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் ஏறக்குறைய இந்த 10 சதவீதம்தான் கிடைத்தது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய் ரகம் ஹெக்டேருக்கு 7 டன், தந்தை 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 7.5, அதற்கு மேல் 10 சதவீதம் என்றால் 8.25 டன். தந்தையைவிட வெறும் 3 சதவீதம்தான் அதிகம்! பக்கத்து வயல்காரர் 8.3 டன் தரும் சாதாரண ரகத்தை விதைத்திருந்தால் அவருக்குத்தான் லாபம்.

மக்காச்சோளத்தில் கதை வேறு. அது இயல்பிலேயே அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதைப் பல தலைமுறை தன் மகரந்தத்தோடே சேரவைத்தால் ஒளிந்திருந்த கெட்ட மரபணுக்கள் வெளிப்பட்டுச் செடி நலிந்துபோகும், அப்படி நலிந்த இரண்டைக் கலக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மூடிவிடுவதால் விளைச்சல் எகிறுகிறது. கோதுமையோ காலங்காலமாகத் தன் மகரந்தத்தையே ஏற்றுவரும் பயிர், அந்தக் கெட்ட மரபணுக்களில் பெரும்பகுதி எப்போதோ கழிந்துபோய்விட்டது. அதோடு, ரொட்டிக் கோதுமைக்குள் மூன்று புல்லினங்களின் மரபணுத் தொகுதிகள் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன, அதனால் கலப்பின் நன்மையில் ஒரு பகுதி அதற்கு முன்பே கிடைத்துவிட்டது எனலாம்.

விதை உற்பத்திதான் பெரிய தலைவலி. ஒரு கோதுமைப் பூவைப் பிரித்தால், இரண்டு உமிகளுக்கு நடுவே மூன்று மகரந்தப் பைகளும் இறகு மாதிரி இரண்டாக விரிந்த சூல்முடியும் தெரியும். உமி நன்றாகத் திறப்பதற்குள் பெரும்பாலும் உள்ளேயே தன் மகரந்தம் சூல்முடியில் விழுந்து காரியம் முடிந்துவிடும். அதனால் தாய் வரிசையின் மகரந்தத்தை மலடாக்கியாக வேண்டும். பிரான்சில் சின்டோஃபென் என்ற மருந்தைத் தெளித்து இதைச் செய்கிறார்கள். அப்புறம் பக்கத்துத் தந்தை வரிசையிலிருந்து மகரந்தம் காற்றில் வந்து விழ வேண்டும், அதுவோ கனமானது, கொஞ்ச நேரத்தில் செத்தும் போகும். பூக்கும் நாட்களில் மழை பிடித்துக்கொண்டால் மணி கட்டுவது குறைந்துவிடும். விதை விலை ஏறுவது இதனால்தான். விளைந்ததில் எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம் என்றால், அடுத்த தலைமுறையிலேயே கலப்பால் வந்த கூடுதல் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆனாலும் சராசரி விளைச்சலை மட்டும் பார்த்து இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பேன். வெவ்வேறு இடங்களில் சோதித்தபோது கலப்பினங்களின் விளைச்சல் சாதாரண ரகங்கள் அளவுக்கு ஏறி இறங்கவில்லை. நல்ல மண்ணும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் 3 சதவீதத்துக்காக விதைக்கு அவ்வளவு பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மழை பொய்க்கும் மேட்டு நிலத்துக்காரர் யோசித்துப் பார்க்கலாம்.