'களையெடுப்பு' என்று எழுதாதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு புத்தகக் கூட்டம். சோவியத் வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்த தம்பி பேசினார். "ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பு" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆங்கில 'பர்ஜ்' என்பதற்கு அவர் போட்ட தமிழ் அது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே தமிழ் ஆயுத இயக்கங்கள் 'துரோகி' என்று சொல்லிச் சுட்டபோதும் இந்தச் சொல்தான் புழங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த, தேயிலைத் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்து ஓய்ந்த அக்கா என் காதோரம் கேட்டார்: "அந்த நாட்டுலயும் தேயில இருக்காப்பா?" இருந்தது, ஜார்ஜியாவில். ஆனால் தம்பி அதைப் பற்றிப் பேசவில்லை.

களை என்றால் பயிருக்கு நடுவே வேண்டாமல் முளைப்பது. களைதல் நீக்குதல். முகக்களை வேறு கதை. 'பர்ஜ்' லத்தீன் வழி வந்தது, சுத்தம் செய்தல் என்று பொருள். பேதிக்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். சரி, சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

களையெடுப்பை ஆதரிப்பவர்கள் உடனே குறளைக் காட்டுவார்கள். 550ஆம் குறள், கொலையில் கொடியாரை வேந்தன் ஒறுப்பது பைங்கூழில் களைகட்டதற்கு நேர் என்கிறது. (அன்றைக்குக் களைகட்டல் என்றால் களை பறித்தல். இன்றைக்குத் தேர்த்திருவிழா களைகட்டுகிறது.) ஆனால் அதே செங்கோன்மை அதிகாரம் 541ஆம் குறளில் எப்படித் தொடங்குகிறது? ஓர்ந்து, கண்ணோடாது, தேர்ந்து செய்வதே முறை என்று. முதல் குறளை விட்டுவிட்டுக் கடைசிக் குறளை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்டாலின் ஆட்சியில் ஓர்ந்ததும் இல்லை, தேர்ந்ததும் இல்லை. 1937 ஜூலையில் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று முன்கூட்டியே எண்ணிக்கை போட்டு உத்தரவு போனது. மூவர் குழுக்கள் ஆளைப் பார்க்காமலே முடிவு செய்தன. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்குப் பெயர் களையெடுப்பா?

களை என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. பிடுங்கியவன் கொலைகாரனாகத் தெரிவதில்லை, பயிர்மேல் அக்கறை உள்ளவனாகத் தெரிகிறான். கொன்றவர்கள் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். 1794இல் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர், பயங்கரம் என்பது அறத்திலிருந்து பிறக்கும் கண்டிப்பான நீதி என்றே பேசினார். அவர் அப்படிப் பேசினார் என்று எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அந்த நம்பிக்கையை மொழிபெயர்ப்பாளர் தன் சொல்லாகவே எடுத்துக்கொண்டு எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதிலும் நம் மலையகத்து ஆட்கள் இதைச் சொல்லலாமா? மானாப் புல்லைப் பாருங்கள். தேயிலை வரிசைக்குள் வந்தால் களை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் அதே மானாவை நாமே நட்டு, மண் தேறட்டும் என்று ஒன்றரை இரண்டு வருடம் விடுகிறோம். முன்பு தோட்டத்துத் துரைமார் 'சுரண்டி' என்ற கருவியைக் கொடுத்து ஒரு புல் இல்லாமல் வழிக்கச் சொன்னார்கள். மழைக்கு மேல்மண்ணும் சேர்ந்து ஆற்றுக்குப் போனது. அது போகட்டும். தென்னிலங்கை இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. தொடக்கத்தில் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அதில் தோட்டத் தொழிலாளியும் அந்த விஸ்தரிப்பின் கருவியாகத்தான் வந்தான். அந்த வகுப்பின் கணக்கில் களை யார்? நாம்தான்.

'சுத்திகரிப்பு' என்று போடலாமே என்கிறார்கள். வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. 'தூய்மையாக்கம்' என்று தனித்தமிழாக்கினாலும் செத்தவன் அழுக்காகத்தான் நிற்கிறான். மூலத்திலேயே அந்தப் பொருள் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். மூலத்தின் பொய்யையும் சேர்த்துச் சுமக்க நமக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? இப்போதெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிறார்கள்.

நான் 'ஆளொழிப்பு' என்று எழுதுவேன். அதில் ஆள் இருக்கிறான். இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதைச் 'சகோதரப் படுகொலை' என்கிறோமே, அதிலும் கொலை மறையவில்லை. ஆனால் சோவியத்தில் 1933இல் நடந்தது போல, கட்சி அட்டையைப் பறித்து வெளியே அனுப்பிய இடங்களில் ஆளொழிப்பு பொருந்தாது. அங்கே 'உறுப்பினர் நீக்கம்' போதும். தம்பியின் நூலில் இரண்டும் ஒரே சொல்லாகக் கிடக்கின்றன. அடுத்த பதிப்பில் பிரித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.