ஓய்வூதியம் மறுக்கப்பட்டதா? தேடலை அங்கே நிறுத்தாதீர்கள்

முதல் உலகப் போரில் பிரிட்டன் படையில் இருந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடி என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அவருடைய படைப்பணிக் கோப்பைத்தான். பலருக்கு அது கிடைக்காது. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருக் கிடங்கில் குண்டு விழுந்து, சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் ஏறக்குறைய 60 சதவீதம் எரிந்துபோனது. "சரி, இனி ஒன்றுமில்லை" என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியத்தைக் கவனித்த ஓய்வூதிய அமைச்சகம் 1916 இறுதியில் தனியாகத் தொடங்கியது, அதன் காகிதங்கள் வேறு இடத்தில் இருந்ததால் அந்தத் தீயிலிருந்து தப்பின. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 364 (WO 364) என்ற எண்ணுள்ள படைப்பணிக் கோப்பு வரிசை முழுவதும் அப்படித் தப்பியதுதான். அதே காப்பகத்தின் PIN 26 என்ற எண்ணுள்ள வரிசையில் ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள் இருக்கின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள் என்பதால் எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரை வைத்துத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஸ்காட்லாந்துக்காரர் என்றால் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்துக் காப்பகத்தில் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் கோப்புகளையும் கேளுங்கள். (சென்னைப் படைப்பிரிவுகளில் இருந்தவர்களை இந்தக் கோப்புகளில் தேடிப் பயனில்லை, அவர்களுடைய ஓய்வூதியத்தை அப்போதைய இந்திய அரசுதான் கவனித்தது.)

1919 சட்டம் ஓய்வூதியத்தை உரிமையாக்கியது, அமைச்சகத்தின் முடிவை எதிர்த்துத் தனித் தீர்ப்பாயத்தில் முறையிடவும் வழி செய்தது. கேட்டவுடன் கொடுத்திருந்தால் கோப்பில் சில படிவங்களோடு கதை முடிந்திருக்கும். மறுத்துவிட்டால்தான் அந்த மனிதர் தன் வாழ்க்கையையே சாட்சியாக அடுக்க வேண்டியிருந்தது. போருக்கு முன் நான் நல்ல உடம்போடுதான் இருந்தேன், சுரங்கத்தில் முழு வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க முதலாளியின் கடிதம், குடும்ப மருத்துவரின் குறிப்பு, உறுப்பினராக இருந்த உதவிச் சங்கத்தின் நோய்க்கால விவரம், கூடப் போரிட்டவர்களின் வாக்குமூலம் என்று சேர்த்துக்கொண்டே போவார். வேறு எங்கும் எழுதப்படாத ஊர், வேலை, முகவரி, உறவுகள் எல்லாம் இந்தத் தாள்களில்தான் கிடைக்கும்.

நோய் போரால் வந்ததா, ஏற்கெனவே இருந்தது போரால் முற்றியதா, இரண்டும் இல்லையா என்பதுதான் பெரும்பாலும் சண்டை. பிறகு எத்தனை சதவீத ஊனம் என்பது. 1919இல் 100 சதவீத ஊனத்துக்கு ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு வாரம் 40 ஷில்லிங். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வாராந்தர ஓய்வூதியம் கிடையாது, ஒரு தொகையோடு கணக்கை முடித்துவிடுவார்கள். மருத்துவக் குழு 20ஐ 15 ஆக்கினால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: 'போர்ப்பணியால் ஏற்பட்டதல்ல' என்ற முத்திரையைப் பார்த்ததும், தாத்தா பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அது கையில் இருந்த ஆதாரத்தை வைத்து ஓர் அலுவலகம் எடுத்த முடிவு, அவ்வளவுதான். பதுங்குகுழியில் கிடந்து வந்த காசநோயையும் நரம்புத் தளர்ச்சியையும் நிரூபிப்பது, துண்டிக்கப்பட்ட காலைக் காட்டுவதுபோல எளிதாக இருக்கவில்லை.

மனைவியின் கோப்பையும் விடாதீர்கள். நடத்தை சரியில்லை என்று யாராவது புகார் சொன்னால் விதவையின் ஓய்வூதியத்தையே நிறுத்த முடிந்த காலம் அது. அப்படி வந்த புகார்களும் விசாரணையும் சில கோப்புகளில் இருக்கும். பால்வினை நோய், மனநோய் பற்றிய குறிப்புகளும் வரும். இணையத்தில் வம்சாவளியோடு சேர்த்துப் பதிவேற்றுவதற்கு முன்னால், அவர்களுடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள், படை எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 1917இல் பிராந்தியப் படையினருக்கு (Territorial Force என்ற பகுதிநேரப் படையினருக்கு) எண்கள் மாற்றப்பட்டன, அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருக்கலாம், இரண்டையுமே தேட வேண்டும்.