மூடும் முன்பே கேட்க வேண்டிய உதவி

அணுமின் நிலையங்களில், உலையின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் ஸ்டீம் ஜெனரேட்டரின் குழாய்களைச் சோதிப்பது என் தொழில். ஆகவே, ஒரு மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அணுமின்சாரத்துக்கு மத்திய அரசின் உதவியைக் கோருகிறார்கள் என்ற செய்தி வந்தால், தொகை எவ்வளவு என்பதைவிட, அந்த உலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையே முதலில் பார்ப்பேன். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு கலிபோர்னியாவும் மிச்சிகனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தக் கோரிக்கையோடு வாஷிங்டனை அணுகின. இரண்டுக்கும் பிறகு நடந்தவற்றை ஒப்பிட்டால், காலம் தாழ்த்துவதன் விலை தெளிவாகப் புரியும்.

உலையின் பாதுகாப்பும் உரிமமும் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. மின்சாரம் தேவையா, அதன் விலை என்ன என்பவை மாநிலத்தின் பொறுப்பு. கலிபோர்னியா தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1983இல் இந்த எல்லையை உறுதிசெய்தது. இயற்கை எரிவாயுவின் விலை வீழ்ந்து, பழைய உலைகள் நட்டத்தில் ஓடத் தொடங்கியபோது, மாநிலங்கள் தங்கள் கைக்கெட்டிய பணத்தோடு மத்திய அரசின் பணத்தையும் நாடின. பொருளாதாரக் காரணங்களால் மூடப்படவிருந்த உலைகளைக் காக்க, 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் 600 கோடி டாலரை ஒதுக்கியிருந்தது.

கலிபோர்னியாவின் டயப்லோ கேன்யன் நிலையத்தின் இரண்டு உலைகளையும், உரிமம் முடியும் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூடிவிடுவதென்று முன்பே முடிவாகியிருந்தது. 2020 ஆகஸ்ட் வெப்ப அலையில் சுழற்சி முறை மின்வெட்டு வந்த பிறகு அரசின் எண்ணம் மாறியது. அரசு ஒழுங்குபடுத்தும் மின் கட்டணத்தின் மூலம் செலவில் பாதிக்கு மேல் ஈட்டும் நிலையங்களுக்கு அந்த நிதியில் இடமில்லை என்று இருந்த விதியைத் திருத்தும்படி மாநிலம் கேட்டது. மத்திய எரிசக்தித் துறை 2022 ஜூனில் அதைத் திருத்தியது. செப்டம்பர் தொடக்கத்தில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், நிலையத்தை 2030 வரை இயக்க வழிசெய்து, 140 கோடி டாலர் வரை மாநிலக் கடனும் வழங்கியது. நவம்பரில் மத்திய அரசு 110 கோடி டாலர் வரை தர நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டது. இவ்வளவும் நடந்தபோது உலைகள் மின்சாரம் தந்துகொண்டே இருந்தன.

மிச்சிகனில் பாலிசேட்ஸ் உலையைக் காக்க உதவும்படி ஆளுநர் விட்மர் கடிதம் எழுதியது 2022 ஏப்ரலில். உலை நின்றது மே 20ஆம் தேதி. எரிபொருளை வெளியே எடுத்து, இனி இயக்கமாட்டோம் என்று சான்றளித்தவுடன் இயக்க அனுமதியும் போய்விட்டது. ஓடும் உலைகளுக்கென உருவான அந்த நிதியிலிருந்து உதவி கிடைக்காது என்பது நவம்பரில் தெரிந்தது. அதன்பின், நின்ற உலையை மீண்டும் இயக்குவதற்காக மாநிலச் சட்டமன்றம் இரண்டு தவணைகளில் மொத்தம் 30 கோடி டாலர் ஒதுக்கியது. மத்திய அரசின் 152 கோடி டாலர் கடன் 2024 செப்டம்பரில்தான் உறுதியானது. ஏறக்குறைய 800 மெகாவாட் திறன் கொண்ட ஒரே ஓர் உலைக்கு இவ்வளவு.

நின்றுபோன உலையில் என்ன நடக்கிறது என்பதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன். ஸ்டீம் ஜெனரேட்டருக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றின் சுவரும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். உலோகக் குறைகளை மின்காந்த முறையில் கண்டறியும் எடி கரன்ட் ஆய்வுமுனையைக் குழாய்க்குள் செலுத்தி வெளியே இழுக்கும்போது, நல்ல உலோகத்தில் திரையில் கோடு சீராக வரும். விரிசல் இருக்கும் இடத்தில் அது கண்ணி போல வளைந்து விரியும். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால், ஆக்சிஜன் நீக்கி, வேதிப்பொருள் கலந்த நீரை நிரப்பி அந்தக் குழாய்களைப் பேண வேண்டும். நிரந்தரமாக மூடப்போகும் உலைக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த உரிமையாளருக்கும் காரணம் இருப்பதில்லை. பாலிசேட்ஸில் 2024இல் சோதித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களில் குறை அறிகுறிகள் தென்பட்டன. உள்ளே ஸ்லீவ் எனப்படும் சிறு உட்குழாய் பொருத்திப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. அவை விரிசலுக்கு எளிதில் இடங்கொடுக்கும் அலாய் 600 என்ற நிக்கல் கலப்பு உலோகத்தாலான பழைய குழாய்கள் என்பதால், எல்லாப் பழியையும் உலை நின்றிருந்த காலத்தின்மீது சுமத்துவது சரியாகாது. ஆயினும் ஓடும் உலையில் எரிபொருள் மாற்றும் காலங்களில் படிப்படியாகக் கையாளப்படும் வேலை, இங்கே ஒரே மூச்சில், கடன் பணத்தில் செய்யப்பட வேண்டியிருந்தது.

உதவி என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். டயப்லோ கேன்யனுக்குக் கிடைப்பது, உற்பத்தியையும் நட்டத்தையும் கணக்கிட்டு ஆண்டுதோறும் தரப்படும் தொகை. பாலிசேட்ஸுக்குக் கிடைத்தது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். மத்திய அரசு தந்தாலும் மீதச் சுமை மின் கட்டணத்தில் வந்து சேரும். டயப்லோ கேன்யனின் நீட்டிப்புச் செலவில் ஒரு பங்கை அந்த நிலையத்தை நடத்தும் மின் நிறுவனத்தின் வாடிக்கையாளர் அல்லாத தென் கலிபோர்னியா மக்களும் செலுத்துகிறார்கள்.

உரிமம் முடிவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தால், ஆணையம் முடிவெடுக்கும்வரை பழைய உரிமமே செல்லும் என்பது விதி. டயப்லோ கேன்யன் அந்தக் கெடுவைத் தவறவிட்டதால், 2023 மார்ச்சில் தனி விலக்கு பெற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நீங்கள் வாழும் மாநிலத்தில் உலை இருந்தால், அதன் உரிமம் எந்த ஆண்டு முடிகிறது, நிறுவனம் எப்போது விண்ணப்பிக்கப்போகிறது, நட்டம் வந்தால் எந்த நிதியை நாடுவது என்பவற்றை அந்த ஐந்தாண்டுக் கெடுவுக்கு முன்பே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.