வித்தவுட்டில் வந்த விலங்கு

கடல்நீர்த் தொட்டிக்குள் வைக்கும் பாறைக்கு ‘லைவ் ராக்’ என்று பெயர். பாறைக்கு ஏது உயிர்? பெரும்பாலும் அது செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. உயிர் இருப்பது அதன் ஓட்டைகளில். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றுக்காகத்தான் எடை போட்டுக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் பாக்டீரியா மட்டுமா வருகிறது? புழு, நத்தை, கடற்பஞ்சு, நண்டுக் குஞ்சு என்று ஒரு கூட்டமே வித்தவுட்டில் ஏறி வந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்தில் ரவுடிகளுக்குத்தான் பெயர் அதிகம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், நியூகீ ஊரில் உள்ள புளூ ரீஃப் காட்சியகத்தில் யாரோ பவளங்களைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள். 2009இல் தொட்டியைக் கலைத்துப் பாறைகளை வெளியே எடுத்தபோது நாலடி நீளப் புழு ஒன்று அகப்பட்டது. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் பாரி. (நம் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான், இந்தப் பாரி பவளத்தையே தின்றது.) இன்னொரு ரவுடி, மான்டிஸ் இறால். அந்த இனத்தில் மயில் நிறத்தில் இருக்கும் ஒரு வகை, நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் குத்துவிட்டு நத்தை ஓட்டை உடைக்கிறது என்று 2004இல் அளந்திருக்கிறார்கள். ஐப்டேசியா என்ற குட்டிக் கடல் சாமந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிள்ளி எடுத்தால், விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும்.

நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றி அல்ல. யாரையும் கடிக்காத, யார் கண்ணுக்கும் எளிதில் படாத ஒரு பயணியைப் பற்றி.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துக்குக் கடல் கிடையாது. அங்கிருந்த பல்கலைக்கழக விலங்கியல் துறையில், அட்ரியாட்டிக் கடலிலிருந்து கொண்டுவந்த நீர் நிரப்பிய தொட்டி ஒன்று இருந்தது. கடற்பஞ்சு ஆராய்ச்சியில் பேர்போன ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே அதன் கண்ணாடியில் சாம்பல் நிறப் புள்ளிகள் ஊர்வதைப் பார்த்தார். 1883இல் அதற்கு டிரைக்கோபிளாக்ஸ் அடேரன்ஸ் என்று பெயரிட்டு எழுதினார். ‘ஒட்டிக்கொள்ளும் மயிர்த் தகடு’ என்று தமிழில் சொல்லலாம். எந்தக் கடலிலும் அதை அதுவரை யாரும் கண்டதில்லை. முதல் விலாசமே மீன்தொட்டிதான்.

அகலம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை. தடிமன் சுமார் 20 மைக்ரோமீட்டர், நம் தலைமயிரைவிட மெலிது. முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. இடம், வலம் கிடையாது. வாய், குடல், தசை, நரம்பு எதுவும் கிடையாது. மேலே ஒரு செல் அடுக்கு, கீழே ஒரு செல் அடுக்கு, நடுவில் கிளைவிட்ட நார்ச்செல்கள். அவ்வளவுதான் உடம்பு. ஆனாலும் இது அமீபா போல ஒற்றைச் செல் உயிர் அல்ல. ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்த முழு விலங்கு.

வாய் இல்லாதது எப்படிச் சாப்பிடும்? அதன் அடிப்பக்கம் முழுக்க நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை துடிக்க, தகடு கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போகும். பாசி படிந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அடியிலுள்ள ஒரு வகைச் செல்கள் தங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்புக் குருணைகளை வெளியே தள்ளுகின்றன. அது பட்டதும் பாசியின் செல் உடைகிறது. வேடிக்கை என்னவென்றால், எல்லாச் செல்களும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. பாசிக்கு நேர் மேலே இருப்பவை மட்டும்தான் கொட்டும். பக்கத்துச் செல் சும்மா இருக்கும். உடைந்த பாசியின் சாறு, உடம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கிலேயே செரித்து அடிச்செல்களுக்குள் ஏறிவிடுகிறது. நாம் வயிற்றை உள்ளே வைத்திருக்கிறோம். இது சாப்பாட்டின்மேல் கவிழ்ந்து படுத்து, அங்கேயே ஒரு வயிற்றை உண்டாக்கிக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்து நகர்ந்தால் வயிறும் காலி.

சரி, நரம்பே இல்லாமல் ‘நில்’ என்று ஆயிரக்கணக்கான செல்களுக்கு யார் சொல்வது? சில செல்கள் சிறு புரதத் துணுக்குகளை நீரில் விடுகின்றன. நம் நரம்புகளும் இதே மாதிரியான பெப்டைடுகளைப் பயன்படுத்துகின்றன. அந்த ரசாயனம் எட்டியதும் நுண்மயிர்கள் துடிப்பை நிறுத்துகின்றன. தந்திக் கம்பி போடாத ஊரில் தண்டோரா போடுவது மாதிரி. 2008இல் இதன் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தார்கள். சுமார் 9.8 கோடி எழுத்துகள், ஏறக்குறைய 11,500 மரபணுக்கள். நரம்பு உள்ள விலங்குகளில் நரம்பு வேலைக்குப் பயன்படும் மரபணுக்கள் பல இதிலும் இருந்தன.

இத்தனை விசேஷமான விலங்கை அரை நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 1907இல் திலோ குரும்பாக் என்பவர் இது தனி விலங்கே அல்ல, ஒரு வகை ஜெல்லி மீன் உறவினத்தின் இளம்பருவம்தான் என்று எழுதினார். பாடப்புத்தகங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. ஷூல்ட்சே மறுத்தும் பலன் இல்லை. 1960களின் கடைசியில் ஜெர்மனியின் கார்ல் கிரெல், செங்கடலிலிருந்து வந்த பாசி மாதிரியில் இதைத் திரும்பக் கண்டார். அதை வளர்த்துப் பார்த்து, இது எந்த விலங்குத் தொகுதியிலும் அடங்காது என்று 1971இல் ‘பிளாக்கோசோவா’ என்ற தனித் தொகுதியையே உருவாக்கினார். முதுகெலும்பிகள் எல்லாம் சேர்ந்தே ஒரு தொகுதியின் ஒரு பகுதிதான் என்று யோசித்துப் பார்த்தால், கண்ணாடியில் ஊரும் ஒரு புள்ளிக்குத் தனித் தொகுதி என்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும்.

இதைத் தேடுவதற்குச் செலவில்லை. நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடித் தகடுகள் சிலவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி, தொட்டியில் நீரோட்டம் அதிகம் இல்லாத மூலையில் தொங்கவிட வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லிய பாசிப் படலம் ஏறும். அதைத் துடைத்துவிடக் கூடாது, அதுதான் இரை. பிறகு தகட்டை எடுத்துக் கடல்நீர் உள்ள கிண்ணத்தில் போட்டு, கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து லென்ஸில் பார்க்கலாம். அவசரப்பட்டு ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: தொட்டிகளில் தட்டைப்புழுக்களும் ஏராளம். அவற்றுக்குத் தலை உண்டு. திரும்ப வேண்டுமென்றால் தலையைத் திருப்பும். டிரைக்கோபிளாக்ஸ் திரும்பாது. கிழக்கே போய்க்கொண்டிருந்தது, உடம்பைச் சுழற்றாமலே தெற்கே கிளம்பிவிடும். ஓரங்கள் நிமிடத்துக்கொரு வடிவம் எடுக்கும்.

கிடைத்துவிட்டால் தொட்டியிலேயே விட்டுவிடக் கூடாது, மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பிப்பெட்டால் மெதுவாக நீரைப் பீய்ச்சினால் கண்ணாடியை விட்டுக் கழன்று வரும். பெட்ரி டிஷ்ஷில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில், 22 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வைக்கலாம். உணவுக்கு ஒற்றைச் செல் பாசி போதும். ஆய்வகங்களில் பெரும்பாலும் சிவந்த ரோடோமோனாஸ் பாசியைப் போடுகிறார்கள். தின்ற தகடும் லேசாகச் சிவக்கும். தண்ணீர் ஆவியானால் உப்பு ஏறும், ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல நீர் மட்டும் சேர்க்க வேண்டும், உப்புநீர் அல்ல. மீன் நோய்க்குப் போடும் தாமிர மருந்து பட்ட பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. சாப்பாடு சரியாக இருந்தால் சில நாட்களில் ஒன்று நடுவில் இடுங்கி, இரண்டாகப் பிரிந்து போகும்.

லைவ் ராக் என்று கிளம்பி ராமேசுவரத்துப் பக்கம் பாறை பெயர்க்கப் போகாதீர்கள். 2001 முதல் கற்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த விலங்குக்குப் பவளம் தேவையும் இல்லை. வெதுவெதுப்பான கடல்களில், ஆழம் குறைந்த இடங்களில், பாசி ஏறிய எந்தக் கெட்டிப் பரப்பிலும் அது வாழும்.

கிண்ணத்தில் பிரிந்து பிரிந்து பெருகுகிறதே தவிர, இதன் முழு வாழ்க்கையை யாரும் பார்த்ததில்லை. சில சமயம் முட்டை உண்டாகிறது, கரு பிளக்கவும் தொடங்குகிறது, பிறகு ஆய்வகத்தில் செத்துப்போகிறது. கரு முழுதாக வளர்ந்து வெளிவருவது எங்கே, எப்படி என்பது கடலுக்குத்தான் தெரியும். 2018இல் ஹாங்காங்கிலிருந்து ஹோய்லுங்கியா என்று இன்னொரு பேரினம் சேர்ந்தது. அடுத்த ஆண்டே மத்திய தரைக்கடலிலிருந்து, கிளை கிளையாக நீளும் ஒன்று.

ஆனால் 1893இல் இத்தாலியின் மொன்டிச்செல்லி, நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்துத் தொட்டியில் கண்டு எழுதிய டிரெப்டோபிளாக்ஸ் என்ற உறவுக்காரர் மட்டும் அதற்கப்புறம் எங்கேயும் அகப்படவில்லை. மொன்டிச்செல்லி டிரைக்கோபிளாக்ஸையே தப்பாகப் பார்த்துவிட்டார் என்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தது, நாம்தான் தவறவிட்டோம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. அதனால்தான் என் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியை மட்டும் நான் துடைப்பதே இல்லை.