கடலோரம் போகும் கேமராவுக்கு இரவில்தான் ஆபத்து

தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கூடாரமும் கேமராவுமாகக் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் தேவிபட்டினம், மண்டபம், தனுஷ்கோடி. அங்கிருந்து கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி தாண்டினால் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி என்னும் மணல்மேட்டுக் காடு. மூன்று நான்கு நாளில் அலை, உப்பளம், பூநாரை, பாலை போல் விரிந்த செம்மணல் எல்லாம் கிடைக்கும். பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கேமராக்கள் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகின்றன. பட்டன் வேலை செய்யவில்லை, லென்ஸ் மாட்டினால் பிழைச் செய்தி, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பச்சைப் பூச்சு. "தண்ணியே படலையே" என்பார்கள். உண்மைதான். பட்டது உப்புக் காற்று.

மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்க்காதவர்கள் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். நண்பகல் வெயிலில் கேமராமேல் படிந்த உப்பு காய்ந்து கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது. இரவு கூடாரத்துக்குள் ஈரம் ஏறியதும் அது உப்புநீராகி, பட்டன் இடுக்கு, திருகுத் தலை, பேட்டரி மூடி ஓரம் என்று இறங்கும். உள்ளே பேட்டரி இருப்பதால் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. உலோகம் கரைய வேறென்ன வேண்டும்? காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தக் கடலோர அரிப்பை ஆராய்வதற்காக மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை ஆண்டாண்டு காலமாகத் தின்றதும் இதே காற்றுதான். ஆகவே படுக்கப் போகும் முன் கேமராவுக்கு ஒதுக்கும் அரைமணி நேரம், எந்த விலையுயர்ந்த லென்ஸையும்விட முக்கியம்.

அந்த அரைமணி நேரத்தில் செய்யும் வேலைக்கு வரிசை உண்டு. எதையும் திறப்பதற்கு முன், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் மணலை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி போகும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பு கையோடு இருக்கிறதே என்று அதைப் பிடிப்பவர்கள் உண்டு. அதன் அழுத்தம் மணலை உள்ளேதான் தள்ளும், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். அடுத்து மென்மையான பிரஷ். பிறகு சுத்தமான குடிநீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பு முழுவதும் ஒற்றி எடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் உப்பு போய்விடும் என்று நினைக்கிறார்கள். உப்பு ஸ்பிரிட்டில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். துணியை இரண்டு மூன்று முறை அலசி, கடைசியில் உலர்ந்த துணியால் முடியுங்கள். லென்ஸின் முன் கண்ணாடிக்கு முதலில் ப்ளோயர், பிறகு காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்ட டிஷ்யூ, கடைசியில்தான் லென்ஸ் கிளீனர். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, அழுத்தாமல். லென்ஸ் மாட்டும் இடத்து மின்தொடர்புப் புள்ளிகளுக்கு மட்டும், உப்பை எடுத்தபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக் குச்சி போதும்.

துடைத்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்கு எடுக்காத சட்டியில், சின்னத் தீயில் நிறம் திரும்பும்வரை சூடாக்கினால் மறுபடி உழைக்கும். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி பெரிதாக ஈரம் இழுப்பதில்லை, அதன் மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

அலை அடித்து முழுக்க நனைந்துவிட்டால் உடனே பேட்டரியையும் கார்டையும் எடுங்கள். "வேலை செய்யுதா" என்று ஒருமுறைகூட ஆன் செய்ய வேண்டாம். அந்த ஒரு முறையில்தான் பல போர்டுகள் போயிருக்கின்றன. ஹேர் டிரையரும் வேண்டாம். உப்பு உள்ளே காய்ந்து உறையும் முன், ஒரு நாளுக்குள் சர்வீஸில் சேர்த்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

தேரியின் சங்கதி வேறு. அங்கே எதிரி மணல். இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் துகள்தான் அந்தச் சிவப்பு. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில்தான் நிற்கும். சட்டை முனையால் ஒரு தேய்ப்பு தேய்த்தாலே லென்ஸ் பூச்சில் கோடு விழுந்துவிடும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள் சில ஒட்டிக்கொண்டு வரும். ட்ரோன் மோட்டாருக்குள்ளும் காந்தம்தான். மணலில் நேராக இறக்கினால் அந்தத் துகள் மோட்டாரில் சிக்கும்; கார் மிதியடியையோ பாயையோ விரித்து அதன்மேல் இறக்குங்கள். மண்டபம் போகும் வழியில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

லென்ஸ் மாற்றுவதைத் தேரியிலும் கடற்கரையிலும் அடியோடு தவிர்ப்பதே நல்லது. காலையில் ஒன்றை மாட்டினால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காருக்குள், கண்ணாடி ஏற்றி, ஏசி மின்விசிறியை நிறுத்தி, கேமரா வாய் கீழே பார்க்க மாற்றுங்கள். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தேரி மணலைக் கிளப்பிவிடும். கூடாரத்தோடு போக அது காலம் இல்லை.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்ப்பது எல்லோரும் அறிந்தது. இடம் வர இருபது நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான கேமராக்களுக்குக் கையேடு சொல்லும் வரம்பு 40 டிகிரி. பூட்டிய கார் வெயிலில் அதை எளிதாகத் தாண்டும். டாஷ்போர்டின்மேல் பேட்டரியை வைக்கவே கூடாது.

டிரைபாட் அலையோரத்தில் மெல்லப் புதைவதற்குக் காரணம், திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போவதுதான். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் நன்றாகத் தாங்கும். கால்களை நீட்டும்போது அடிப்பகுதியை முதலில் முழுதாக நீட்டுங்கள். பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் ஏறாது. அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

எக்ஸ்போஷருக்கு இரண்டே குறிப்பு. வாலிநோக்கம் உப்பளம், வெண்மணல் போன்ற இடங்களில் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். தேரியில் நேர்மாறு: சிவப்பு மட்டும் முதலில் எரிந்துபோகும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் பாருங்கள், ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயிலுக்கு மாற்றுங்கள். பால்வெளி வேண்டுமென்றால் மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டி விடியலுக்கு முன் தென்கிழக்கு வானம், 24 மி.மீ., f/2.8, 15 நொடி, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கலாம்.

கடலை அறிந்து நாளைக் குறிப்பதும் உண்டு. மீனவர்கள் அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்றில் பெண்கடலும் கலங்கும். தனுஷ்கோடியில் மாலையானால் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், அங்கே கூடாரம் என்ற எண்ணமே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கும் தங்க முடியாது. மற்ற ஊர்களில் ஊர்ப் பெரியவர்களிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுத் தங்குங்கள். தேரியில் காப்புக்காட்டுப் பகுதி உண்டு, வனத்துறை அனுமதி வேண்டும்.

கேமராவைவிடக் கவலை தருவது பறவைகள். பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் தலை தூக்கி ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே உட்காருங்கள். பறக்கும் படத்துக்காகக் கைதட்டி எழுப்புவது, வலசைக்குச் சேர்த்த கொழுப்பை அவை வீணாக எரிக்க வைப்பது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நீள லென்ஸில் கை பழகவும் அந்தக் கண்மாயே நல்ல இடம். வீட்டுக்குப் பக்கம், உப்பும் இல்லை.

உப்புக்கொத்தியும் ஆலாவும் கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டை இடும். உப்புக்கொத்தி சிறகொடிந்தது போல் இழுத்துக்கொண்டு உங்கள்முன் ஓடினால் முட்டையோ குஞ்சோ காலருகில் இருக்கிறது. வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். வெயில் நேரத்தில் தாய் விலகி நிற்கும் சில நிமிடமே முட்டை வேக போதும். இதனால்தான் காரையும் மணலில் இறக்கக் கூடாது. தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமை கரையேறும்; ஃபிளாஷும் வெள்ளை டார்ச்சும் பட்டால் முட்டை இடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். கூடு, முட்டை, ஆமைத் தடம் இருக்கும் படத்தைப் போடும் முன் கேமரா பதித்த இருப்பிடக் குறிப்பை அழித்துவிடுங்கள், ஊர்ப் பெயரையும் எழுதாதீர்கள்.