மேய்ப்புக்காரப் பையன் மேல் பழி போடாதீர்கள்

கால்நடை மருத்துவரான எனக்கு இது நான்காவது முறை. போன வாரம் ஒரு வெள்ளாடு, நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணும் மூக்கில்லாத தட்டை முகமுமாகக் குட்டி போட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் குட்டி செத்துவிட்டது. வீடியோ அதற்குள் மூன்று ஊர் தாண்டியிருந்தது. “மனுச மூஞ்சி சார்” என்றார்கள். ஆடு மேய்க்கும் இருபது வயதுப் பையன் வேப்பமரத்தடியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவன்தான் குட்டிக்குத் தகப்பன் என்பதுபோல ஊர்க்கண் எல்லாம் அவன்மேல்.

ஆட்டுக்கும் மனிதனுக்கும் குட்டி பிறக்காது. எந்தக் காலத்திலும் பிறக்காது. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் வெள்ளாட்டுக்கு 60, மனிதனுக்கு 46. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வெள்ளாடும் செம்மறியும் காலங்காலமாக ஒரே பட்டியில் படுத்து எழுகின்றன. செம்மறிக்கு 54. இவை இரண்டும் சேர்ந்து சினை பிடித்தாலே கரு பெரும்பாலும் பாதியில் கலைந்துவிடுகிறது. பிறகு மனிதன் எங்கிருந்து வந்தான்? பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரே என்னைத் தனியாக அழைத்து, “அப்ப மூஞ்சி எப்படி சார் அப்படி வந்துச்சு?” என்றார். கருவில் ஆட்டு முகமும் மனித முகமும் தொடங்குவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆட்டின் நீண்ட மூஞ்சி பிற்பாடு வளர்வது. அது வளராமல் நின்றால் மிஞ்சுவது தட்டை முகம். அதில் மனிதனைக் காண்பது நம் கண்தான்.

ஒற்றைக் கண்ணும் அப்படித்தான். கருவில் கண்ணாகப் போகும் பகுதி முதலில் ஒன்றாகவே இருக்கிறது. அதற்கு அடியில், நடுக்கோட்டில் இருக்கும் செல்கள் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. நடுவில் கண் வேண்டாம் என்பதே அது சொல்லும் செய்தி. செய்தி போய்ச் சேராவிட்டால் கண்ணும் பிரியாது, முன்மூளையும் பிரியாது. 1996இல் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்களிலும் ஒற்றைக் கண்தான் வந்தது.

மரபணு நன்றாக இருந்தும் செய்தி தடைபடுவதுண்டு. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் செம்மறிகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. சினையின் 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு தின்ற வெராட்ரம் என்ற செடிதான் காரணம். அதிலிருக்கும் சைக்ளோபமைன், செல்கள் அந்தச் செய்தியை ஏற்கவிடாமல் தடுக்கிறது என்பது 1998இல்தான் தெளிவானது. 14ஆம் நாள் என்பது, ஆடு சினையா என்றே நமக்குத் தெரியாத நாள்.

அந்தச் செடி நம் மேய்ச்சல் காடுகளில் இல்லை. ஆனால் நம் கையில் குடற்பூச்சி மருந்து இருக்கிறது. கிடா சேர்ந்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் ஊற்றாதீர்கள், அது வேறு வகையில் குட்டியின் உருவத்தைக் கெடுக்கும். கடையில் கொடுத்தார்கள் என்று வாங்கி வராமல், கிடா சேர்ந்த தேதியைச் சொல்லி எங்களிடம் கேளுங்கள். கிடாவுக்குப் பிறந்த பெட்டைக் குட்டிகள் சேரும் வயதுக்கு வருவதற்குள் கிடாவை மாற்றுங்கள், அப்பனும் மகளும் சேரக் கூடாது. குட்டி இப்படிப் பிறந்தால் முதலில் தாயைப் பாருங்கள், நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கவனியுங்கள். செத்த குட்டியைப் புதைக்கும் முன் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தம்பிகளே, போனை உள்ளே வையுங்கள்.

ஆட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் பட்டி திறக்க அந்தப் பையன் வரவில்லையாம். ஐயா, அவன் வீட்டுக்கு நீங்களே போய்க் கூப்பிடுங்கள். நாலு பேர் பார்க்கப் பகலில் போங்கள்.